அந்த இன்னொரு பெட்ரூம்

“அப்போ அந்த இன்னொரு பெட்ரூமு யாருக்குடி?” என்று நான் கேட்டேன்.

“எங்கம்மாவுக்குதாங்க்கா. வேற யாருக்கு?”

“உங்கம்மாவுக்கு பிரம்மதேசத்துல நெலம் இருக்குது, மவன் இருக்கறான், மருமவ இருக்கறா. அந்தம்மாவுக்கு எதுக்குடி மெட்ராஸ்ல தனி ரூமு?”

“எங்கம்மாவுக்கு எதுக்குன்னு நீங்க ஏங்க்கா கத்தறீங்க? வாடகை குடுக்கப்போறது எங்க வூட்டுக்காரரு.”

“ரெண்டு பெட்ரூமா பாருன்னு சொன்னதே நாந்தாண்டி.”

“சொன்னீங்க. அதுக்காக?”

கேட்டுவிட்டு மலர்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எதிர்வீட்டுத் தனக்கோடி வாசல் தெளிக்கிற சாக்கில், ஏற்கெனவே தெளித்த இடத்தையே மறுபடியும் தெளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இயல்பிலேயே கொஞ்சம் பெரிய குரல். பால்காரனிடம் அரை லிட்டர் கேட்டாலும் சண்டை மாதிரிதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, இந்தச் சுலோசனா அன்றைக்கே கறுவிக்கொண்டாள் என்று தெருவில் பேசினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். தனக்கோடி சொல்வதில் பாதி அவளே சேர்த்தது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். செய்ததை ஒளிக்கிற ஆள் இல்லை நான். ஏன் செய்தேன் என்பதைத்தான் இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் அப்போது போன் இருந்தது என் வீட்டில் மட்டும்தான். என் வீட்டுக்காரர் சுப்ராயன் உப்பளக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தபோது வாங்கியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் போன் இருந்தது. தெருவில் யார் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் கீழே என் நம்பர்தான் இருக்கும், பக்கத்தில் பி.பி. என்று போட்டிருக்கும். அதாவது, போன் என் வீட்டில் இருக்கும். ஆள் அக்கம்பக்கத்தில் இருப்பார். நான் போய்க் கூப்பிட்டு வர வேண்டும். வெயிலில் ஓடி ஓடிக் கூப்பிட்டிருக்கிறேன். பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றும் இருக்கிறேன், ஏதாவது உதவி தேவைப்பட்டால் செய்யலாம் என்று. அதைத்தான் ஒட்டுக்கேட்பது என்றார்கள்.

மலர்கொடி பக்கத்து வீடு. அவள் புருஷன் கலையரசன். அவர்களுக்கு ஒரே பெண், செம்மலர். மலர்கொடிக்கு வலி எடுத்த அன்று வேன் பிடித்துத் திண்டிவனத்துக்கு அழைத்துக்கொண்டு போனது நான். பிள்ளையைத் துணியில் வாங்கியதும் நான். அவள் அம்மா ராசம்மாள் பக்கத்திலிருக்கிற பிரம்மதேசத்திலிருந்து மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தாள், களை எடுப்பு நடக்கிறதாம்.

சுனாமி வந்து போன பிறகு மரக்காணத்துக்கு வராத ஆள் இல்லை. கடலோர எக்கியார்குப்பத்தில் படகு கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள், வீடு கட்டித் தருகிறோம் என்று அளந்துகொண்டு போனார்கள். கடல் எட்டிக்கூடப் பார்க்காத எங்கள் தெருவுக்கும் ஒரு மருத்துவ முகாம் வந்தது. அதில்தான் செம்மலருக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அப்போது அவளுக்கு மூன்று வயது. அதுவரை பிடிவாதக்காரப் பிள்ளை என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

முகாம்காரர்களே ஒரு மெஷின் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. நெஞ்சில் துணிப்பை தைத்து அதில் வைக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு ஒயர் இரண்டு காதுக்கும் போகும். உள்ளே ஒரு சின்ன பேட்டரி செல். நரம்பு முழுக்கச் சாகவில்லை, மெஷினைப் போட்டுக்கொண்டு பேசப் பழக்கினால் பேச்சு வரும் என்று டாக்டர் சொன்னார். மெட்ராஸில் அதற்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அம்மாவும் தினமும் பிள்ளையோடு உட்கார வேண்டும், நாலு வயது தாண்டுவதற்குள் சேர்த்துவிட வேண்டும், தாண்டினால் கஷ்டம் என்றார். அங்கே சேர வேண்டுமென்றால் குடும்பம் அங்கே இருக்க வேண்டும். குடும்பம் இருக்க வீடு வேண்டும்.

கலையரசன் உடனே கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை பிடித்துவிட்டான். மேன்ஷனில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடினான். சித்திரை பிறப்பதற்குள்ளேயே சைதாப்பேட்டையில் ஒரு வீடு கிடைத்தது. ஒரு ஹால், ஒரு பெட்ரூம். ஓனர் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

“ஒரு பெட்ரூமுல எப்படிப்பா இருப்பீங்க? ஒறமொற வந்தா எங்க படுப்பாங்க? ரெண்டு பெட்ரூமா பாரு. அவசரப்பட்டுட்டு அப்பறம் முழிக்காத.”

“அதுவும் சரிதாங்க்கா,” என்றான் கலையரசன். யார் எதைச் சொன்னாலும் சரி என்கிற பையன்.

உறவுமுறை என்று நான் யாரைச் சொன்னேன் என்று சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை என் மடியில்தான் இருந்தது. அவர்கள் மெட்ராஸ் போனால் நானும் போவேன் என்பதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா. என்னிடம் இரண்டு ஆடு இருந்தன, விற்றுவிட்டேன். மாடி வீட்டில் ஆட்டை எங்கே கட்டுவது. சுப்ராயனின் இரும்புக் கட்டிலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்தேன். மீன்காரி, ரேஷன் கடைக்காரன், கோயில் பூசாரி என்று எல்லாரிடமும் நான் மெட்ராஸ் போகப்போவதைச் சொல்லியாகிவிட்டது. பூசாரி விபூதிகூடக் கொடுத்து அனுப்பினார்.

அந்த நிலைமையில்தான் வேலி ஓரம் நின்று, எங்கம்மாவுக்கு என்றாள் மலர்கொடி.

மூன்று நாள் பேசாமல் இருந்தாள். அப்புறம் அவளுக்குப் போன் வந்தது. வந்துதானே ஆக வேண்டும். பேசி முடித்துவிட்டு, “கோவமாக்கா?” என்றாள். “எனக்கென்னடி கோவம்,” என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். அட்வான்ஸ் சேர்க்க உப்புப் பாக்கெட் போடுகிற ஷெட்டுக்கு வேலைக்குப் போகப்போவதாகவும், பகலில் செம்மலரை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டாள். மெட்ராஸுக்கு வேண்டாத நான் மரக்காணத்தில் பிள்ளை பார்க்க மட்டும் வேண்டும். பரவாயில்லை, பிள்ளைக்காகச் சரி என்றேன்.

“அக்கா, ஒன்னே ஒன்னு. பேசிக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. எதுவா இருந்தாலும் சரி, காதுல சத்தம் வுழுந்துகினே இருக்கணுமாம். அதான் உங்ககிட்ட வுடறேன்.”

ஊரே என்னை வாய் ஓயாதவள் என்றது. கடைசியில் அதையே மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். இதைச் சொன்னால் தனக்கோடிக்கு எரியும்.

வீட்டு ஓனர்கள் போன் பண்ண ஆரம்பித்தது அந்த ஆடி மாதத்தில். மெட்ராஸில் ஒரு வழக்கம். வீடு கேட்டுப் போனால் சம்பளம் கேட்பார்கள், சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், கடைசியில் ஊரில் விசாரிக்க யாராவது பெரியவர்கள் நம்பர் கொடு என்பார்கள். கலையரசனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் என் நம்பர். நல்லதாக நாலு வார்த்தை சொல்ல என்னைவிட வேறு ஆள் அவனுக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தெருவில் என்னைத் தெரிந்த யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று தனக்கோடி சொல்கிறாள். அவள் பேச்சை விடுங்கள்.

முதலில் கூப்பிட்டவர் வேளச்சேரி.

“கலையரசன்னு ஒருத்தர் வீடு பாத்துட்டுப் போனாரும்மா. குடும்பம் எப்படி?”

“தங்கமான குடும்பங்க.”

“நான்வெஜ் சமைப்பாங்களா? எங்க பில்டிங்ல யாரும் சமைக்கறதில்ல.”

“செவ்வா, வெள்ளியில தொடவே மாட்டாங்க. கருவாடுகூட மாடியில காயப்போட்டா சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுவாங்க, அடுத்தவங்களுக்கு வாசன போவக்கூடாதுன்னு. அவ்ளோ சுத்தம்.”

அவர் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதில் எது பொய் என்று சொல்லுங்கள். அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவர்கள் சுத்தமானவர்கள் என்றும் சொன்னேன்.

அடுத்து மேடவாக்கத்திலிருந்து ஒரு அம்மா. அவளுக்கு ரத்தக் கொதிப்பு, வீட்டில் சத்தம் ஆகாது. குழந்தை எப்படி என்று கேட்டாள். “அருமையான கொழந்தைங்க. காதுதான் கேக்காது. அதனால அது போடற சத்தம் அதுக்கே தெரியாது, பாவம். நமக்குதான் தெரியும்,” என்றேன். பாவம் என்று நான் சொன்னதை அந்த அம்மா கவனித்திருக்க வேண்டும். மனசில் ஈரம் இருந்திருந்தால் வீட்டைக் கொடுத்திருப்பாள்.

நங்கநல்லூர்க்காரர் வேலை நிரந்தரமா என்று கேட்டார். “எல்லா எடத்துலயும் பெர்மனென்ட்டுன்னு சொல்லிதாங்க சேருவாரு,” என்றேன். கலையரசன் கிண்டிக்கு முன்னால் பாண்டியில் ஒரு இடம், திண்டிவனத்தில் ஒரு இடம் பார்த்தவன்தானே.

ஞாயிறு சாயங்காலம் கலையரசன் கூப்பிடுவான். “என்னன்னே தெரியலக்கா. நேர்ல பாக்கறப்ப நல்லா பேசறாங்க. ரெண்டு நாள் கழிச்சு வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்ங்கறாங்க.”

“மெட்ராஸ்காரங்க புத்தி அப்படித்தாம்பா. மனசைத் தளர வுடாத.”

உண்மையாகவே எனக்கு வருத்தமாக இருந்தது. மலர்கொடி போனை வைத்துவிட்டு என் தூணில் சாய்ந்து அழுவாள். செம்மலர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் முறுக்கு எடுத்துக் கொடுப்பேன், இரண்டு பேருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று, உப்பளம் பக்கம் பார்த்தால் கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. அப்போது பள்ளிக்கரணையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ரிட்டயரான வாத்தியார் குரல்.

“அம்மா, கலையரசன் குழந்தையைப் பத்தி சொன்னார். எங்க அக்காவும் அப்படித்தான், காது கேக்காது. அந்தக் காலத்துல ஒன்னும் பண்ண முடியல. என் வீட்டு மொத மாடி காலியா இருக்கு, ரெண்டு பெட்ரூம். அவங்களுக்கே குடுத்துடறேன். அட்வான்ஸைக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கட்டும். அவர் ஆபீஸ் நம்பர் கெடைக்க மாட்டேங்குது, நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சாவி வாங்கிக்கட்டும். இல்லன்னா என் தம்பி அவன் சிநேகிதனுக்குக் கேக்கறான், அவனைச் சமாளிக்க முடியாது.”

“சரிங்க, சொல்லிடறேன்.”

“மறந்துடாதீங்கம்மா.”

“மறப்பனாங்க.”

அவர் குடும்பத்தைப் பற்றி ஒன்றுமே விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் நல்லபடியாகவே சொல்லியிருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இரண்டு பெட்ரூமையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒன்றில் மலர்கொடி, இன்னொன்றில் ராசம்மாள். களை எடுப்பு முடிந்து சாவகாசமாக வருவாள்.

சாயங்காலம் மலர்கொடி வந்தாள். ஷெட்டில் நின்று நின்று அவள் பாதம் உப்பில் வெடித்திருந்தது. “போன் எதுனா வந்துச்சாக்கா?” என்றாள். “வந்துச்சு, ராங் நம்பரு,” என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். ஒன்றே ஒன்று.

தை மாதம் கலையரசன் செல்போன் வாங்கினான். அது வாங்கியதிலிருந்தே அவனுக்கு நடை மாறிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை, மலர்கொடியும் அவனுமாக என் வாசலில் வந்து நின்றார்கள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“அக்கா, பள்ளிக்கரணையில இருந்து போன் வந்துச்சா?”

“எப்பப்பா?”

“மழையப்ப. அந்த வாத்தியாரை போன வாரம் பஸ்ல பாத்தேன். ஏன் தம்பி வரலன்னாரு. ஊர்ல அந்தம்மாகிட்ட சொன்னேனேன்னாரு.”

“ஒருவேள வந்திருக்கும். மறந்துட்டிருப்பேன்.”

“நீங்களா மறந்தீங்க?” என்றாள் மலர்கொடி. குரல் ஏறவே இல்லை. “என் கல்யாணத்துல எவ எந்தக் கலர்ல பொடவ கட்டினு வந்தான்னு இன்னிக்கும் சொல்றீங்க. இதை மறந்துட்டீங்களா?”

“மத்தவங்களையும் கேட்டுட்டேங்க்கா,” என்றான் கலையரசன். “வேளச்சேரி, மேடவாக்கம் எல்லாரையும் கேட்டுட்டுதான் வர்றேன்.”

அதற்குள் தனக்கோடி தெருவைத் தாண்டி வந்துவிட்டாள், கையில் துடைப்பத்தோடு. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

“நான் இல்லாததையா சொன்னேன்? நீங்க கருவாடு துன்றதில்லியா?” என்று கேட்டேன்.

“எம் புள்ளைக்கு வயசு நாலாயிடுச்சுக்கா,” என்றாள் மலர்கொடி. கூட இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், மறுநாள் டீ குடித்திருப்போம். அவள் செம்மலரை என் பாயிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொன்னது அவர்கள் காதில் விழவே இல்லை.

மாசி பிறப்பதற்குள் காலி செய்துவிட்டார்கள். பல்லாவரத்தில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம். ராசம்மாள் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறாளாம். ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறதென்றால் நான் படுத்திருக்க மாட்டேனா. சமையலறையில்கூடப் படுத்திருப்பேன். ஒரு வார்த்தை கேட்டார்களா.

தெருவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கே என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு வீடு கிடைக்காமல் போனதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு எரிச்சலாக வருகிறது. மெட்ராஸில் வீடா இல்லை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். பாதி சொல்லி நிறுத்துகிற பழக்கம் எனக்கில்லை.

பகலெல்லாம் நானும் செம்மலரும்தான். டாக்டர் சொன்னபடி பேசிக்கொண்டே இருந்தேன். முதலில் காக்கா, குருவி என்று ஆரம்பித்தேன். எனக்கே சலித்துவிட்டது. அப்புறம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தனக்கோடியின் பெரிய மகள் இரும்பை கிராமத்துக் கோயில் திருவிழாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு யாரோடு பாண்டிக்குப் போனாள் என்பது. சுப்ராயன் சாகிற நேரத்தில் என்னைக் கூப்பிடாமல் வேறு யார் பெயரைக் கூப்பிட்டார் என்பது. அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. வேளச்சேரிக்காரரிடம் என்ன சொன்னேன், மேடவாக்கத்து அம்மாவிடம் என்ன சொன்னேன் என்பதும். என் ஆயுசிலேயே குறுக்கே பேசாமல் கேட்ட ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்க்கும். கேட்காது என்று தெரியும். அதனால் என்ன. கேட்கிறவர்கள் என்ன பெரிதாக என் பேச்சைக் கேட்டார்கள்.

பள்ளிக்கரணை வாத்தியார் கூப்பிட்ட அன்று நான் அடுப்படியில் இருந்தேன். செம்மலர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறத்தில் கிடந்த புளியங்கொட்டையை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். கூடத்தில் போன் அடித்தது. அவள் நிமிர்ந்தாள். கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்து, போன் பக்கம் கையைக் காட்டினாள்.

நான் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். நிஜமாகவே கொடுத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதோடேயே போய்ப் போனை எடுத்துப் பேசினேன்.

பேசி வைத்துவிட்டுத் திரும்பினால், செம்மலர் என் சீப்பை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். “அலோ,” என்றாள்.

தெளிவாகத்தான் சொன்னாள். லகரம் கொஞ்சம் குழைந்திருந்தது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. அலோ சொன்ன பிறகு வாயால் ஏதோ தொடர்ந்து பேசினாள். வார்த்தை இல்லை, வெறும் ராகம். ஆனால் என் ராகம். நான் இழுக்கிற இடத்தில் இழுத்தாள், நான் குரலைத் தாழ்த்துகிற இடத்தில் தாழ்த்தினாள். கடைசியில் நான் போனில் சிரிக்கிற மாதிரியே ஒரு சிரிப்பு. இன்றைக்கு ராகம் வந்துவிட்டது. வார்த்தை வர எத்தனை நாள் ஆகும். அலோவுக்கு அப்புறம் நான் என்னென்ன பேசினேன் என்று அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நான் அவளை மடியில் உட்கார வைத்தேன். மெஷின் மூடியைத் திறந்து செல்லை எடுத்தேன். சுப்ராயனின் ரேடியோவில் தீர்ந்துபோன செல் ஒன்று கிடந்தது, அதே அளவு. அதைப் போட்டு மூடினேன். இத்தனை வருஷம் அமைதியாக இருந்த காது. திடீரென்று இவ்வளவு சத்தம் போனால் பிள்ளைக்குத் தலை வலிக்கும் என்று தோன்றியது. இரண்டு நாள் பொறுத்துத் திரும்பப் போடலாம் என்றுதான் நினைத்தேன்.

செம்மலர் சீப்பைக் காதில் வைத்து மறுபடியும் வாயைத் திறந்தாள். தன் சத்தம் தனக்கு வரவில்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் முறுக்கு கொடுத்தேன்.

அப்புறம் போடவில்லை. மலர்கொடி சம்பளம் வாங்கியதும் புது செல் வாங்கி என்னிடம்தான் தருவாள், அவளுக்கு எங்கே நேரம். இருட்டில் போய் இருட்டில் வருகிறவள். “முன்னல்லாம் காதுகிட்ட கொண்டு போனா கிய்யின்னு கத்தும், இப்ப கத்தவே மாட்டேங்குதேக்கா,” என்று ஒரு தடவை கேட்டாள். “உப்புக் காத்துடி. எதைத்தான் வுட்டு வெச்சுது,” என்றேன். கதவுத் தாழ்ப்பாளிலிருந்து சைக்கிள் வரைக்கும் துருப்பிடிக்கிற ஊரில் இதை யார் நம்பாமல் இருப்பார்கள். அவளும் முந்தானையால் பெட்டியைத் துடைத்துத் துடைத்துப் போட்டு அனுப்பினாள். அந்த மழைக்காலம் முழுக்க என் ரேடியோ நன்றாகப் பாடியது.

செம்மலர் மறுபடி அலோ சொல்லவில்லை. சொன்னதை நான் மலர்கொடியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பாள். மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் தெருவில் நின்றிருப்பாள். நான் தடுத்தது அதைத்தான்.

மெட்ராஸ் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்பது தனக்கோடி மூலமாகத்தான் தெரியும். மெஷின் போட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டார்களாம். வருஷம் ஆகப்போகிறது, ஒரு நாள்கூடக் கழற்றியதில்லை, பகலெல்லாம் ஒரு அம்மா பேசிக்கொண்டே இருந்தார்கள் என்று மலர்கொடி சொன்னாளாம். அவ்வளவு காலம் போட்டும், அவ்வளவு பேசியும் ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால், வயதும் தாண்டிவிட்டது, இனிமேல் பேச்சு எதிர்பார்க்க முடியாது, கைஜாடையில் படிக்கிற பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்றார்களாம். ஒரு வார்த்தைகூடவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். மலர்கொடி யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றாளாம். அப்போது நான் ஒரு போன் போட்டிருந்தால் போதும்தான். ஆனால் செல்போன் நம்பரை எனக்குக் கொடுக்காமல் போனது அவர்கள்.

இப்போது பக்கத்து வீட்டில் மரியதாஸும் சகாயமேரியும் குடிவந்திருக்கிறார்கள், எக்கியார்குப்பத்துப் பிள்ளைகள், போன தையில்தான் கல்யாணம் ஆனது. இரண்டு பேரிடமும் செல்போன் இருக்கிறது. தனக்கோடியின் பெரியவள் அந்தப் பாண்டிக்காரனையே கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். பத்திரிகையில் என் நம்பர் போடவில்லை. ராசம்மாள் பல்லாவரம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பிரம்மதேசத்துக்கே திரும்பிவிட்டாள். மலர்கொடிக்கு இரண்டாவதாக ஒரு பையன் பிறந்திருக்கிறான், காது நன்றாகக் கேட்கிறதாம். செம்மலரை வெளியூரில் கைஜாடைப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே எல்லாரிடமும் கையாலேயே ஓயாமல் பேசுகிறாளாம், சிரிக்கிறாளாம்.

பேசட்டும். நான் அவளிடம் சொன்னது எத்தனையோ. இன்றுவரை அதில் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. இந்தத் தெருவில் வேறு எந்தப் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும். வளர்த்தவள் நான்தானே.